ராகுகாலத்துக்கு முன் ஒரு பட்டன்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தவர்களுக்கு முதலில் நன்றி. உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு மெஷின் செத்துப்போனது. மெஷின் செத்ததற்கா இத்தனை துக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அழுதுவிடுவேன்.

என் வீட்டுக்காரரைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக – பெயர் முனிரத்தினம். சொந்த ஊர் நகரிப் பக்கம். திருப்பதியில் ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தார். ஃபேக்டரி வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டியபோது, "நான் வரல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்துகிற ஷெட்டில் மெஷின் கட்ட ஆரம்பித்தார்.

சிஎன்சி மில்லிங் மெஷின். அதாவது, கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானாகவே நகர்ந்து உலோகத்தைச் செதுக்குகிற மெஷின். கம்பெனிகளில் ஒரு ரூம் அளவுக்கு இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிசு. பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு கை மெஷினைத் தூக்கிவந்து, கைப்பிடிகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடங்களில் மோட்டார் மாட்டினார்.

மூளை? எங்கள் பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர். அதன் முதுகில் பிரிண்டர் ஒயர் மாட்டுவதற்காக அகலமாக ஒரு ஓட்டை இருக்கும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அது கிடையாது. "இந்த ஓட்ட கீதே... இதான்மே நம்ம சொத்து" என்பார். அந்த ஓட்டை வழியாகத்தான் மோட்டார்களுக்கு உத்தரவு போகும்.

சாஃப்ட்வேர் இலவசம். ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் யார் யாரோ உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் இலவசத்தில் ஒரு சங்கடம் உண்டு – திட்டுவதற்கு ஆள் கிடையாது. டிவி ரிப்பேர் என்றால் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தலாம். இதில் யாரிடம் போய்க் கத்துவது?

இன்டர்நெட்டில் இதற்கென்றே இருக்கிற ஃபோரத்தில் கேள்வி போடுவார். எங்கோ இருக்கிற ஒரு ஜெர்மன்காரர் ரொம்ப மரியாதையாக, 'உங்கள் மெஷினின் செட்டிங் ஃபைலை அனுப்புங்கள்' என்பார். இவர் அனுப்புவார். மறுநாள் பதில் வந்துவிடும். இப்படி உலகமே வந்து உதவியது, பக்கத்தில் உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. மெஷின் தெரிந்தவன் ஹோசூரிலோ மஸ்கட்டிலோ இருந்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவன் பெங்களூரில் இருந்தான். கடைசியில் என்னிடம்தான் பேசினார். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே 'உம்' கொட்டினேன். ஒரு மனிதனுக்கு அவ்வளவு போதுமா? போதாது. எனக்குத் தெரியும்.

வீட்டு நம்பர் போர்டு செதுக்கினார். ஓம் போட்ட தட்டு செதுக்கினார். "நல்ல ஹாபிங்க" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். வேலைக்குப் போகிறவன் லீவு நாளில் செய்தால் அது ஹாபி. வேலை இல்லாதவன் தினமும் செய்தால் அதற்குப் பேர் என்ன? அவரிடம் இதை நான் கேட்டதில்லை. அவரும் ஹாபி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மஸ்கட்டிலிருந்து பழைய ஃபேக்டரி சிநேகிதர் போன் செய்தார். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆபரேட்டர் வேலை, திங்கட்கிழமைக்குள் 'சரி' சொல்ல வேண்டும். அதே வாரம் இன்னொரு கதவும் திறந்தது. பலமனேரில் பால் கறக்கிற மெஷின்களை ரிப்பேர் செய்கிற சுதாகர் என்பவர், சின்னதாக ஒரு அலுமினிய மூடி வேண்டும் என்று வந்தார். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பார்ட். ஒன்று சரியாகச் செய்து கொடுத்தால் மாசாமாசம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பலமனேர்ப் பக்கம் மாட்டுக்கா பஞ்சம்?

"இது செட்டாச்சின்னா இங்கியே இருந்துடறேன்மே. இல்லன்னா மஸ்கட்டு" என்றார் அவர்.

எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போனது.

சனிக்கிழமை. சுதாகர் அலிபிரி வழியாகத் திருமலைக்குப் படியேறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து மத்தியானம் மூடியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. இவர் விடியற்காலையிலேயே குளித்து, ஷெட்டைக் கழுவி, மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சுதாகர் கொடுத்திருந்த அலுமினிய வார்ப்பைப் பிடிப்பில் இறுக்கிவிட்டார். ஆனால் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அதைச் சரிக்கட்டி முடித்தபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம்.

"இன்னாங்க, இன்னா பண்ணப்போறீங்க?" என்றேன்.

"ஒம்போதுக்குள்ள தொட்டு வெச்சிடறேன்."

"தொட்டு வெச்சி?"

"ஸ்டார்ட் குடுத்துட்டு உடனே நிறுத்தி வெச்சிடுவேன். ராகுகாலம் போனப்புறம் மிச்சத்த ஓட்டிக்கலாம்."

இது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். கிளம்புகிற நேரம் ராகுகாலத்தில் விழுந்தால், அதற்கு முன்பே பையைக் கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிடுவோம். பயணம் ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது புறப்பட்டாலும் தோஷம் கிடையாது. ராகுகாலத்தையும் நம்புவோம், அதை ஏமாற்றிவிடலாம் என்பதையும் நம்புவோம். எங்கள் பக்தி இவ்வளவுதான்!

கற்பூரம் காட்டினார். "கோவிந்தா" என்று சொல்லிப் பட்டனை அழுத்தினார். வெட்டுகிற டூல் இறங்கிவந்து, வார்ப்பின் நடுப் பள்ளத்துக்குள் ஒரு சுற்று செதுக்கிவிட்டு மேலே எழுந்தது. அதோடு நிறுத்தினார். சுற்றுகிற மோட்டாரையும் அணைத்துவிட்டார். இரண்டு பேரும் வீட்டுக்குள் வந்து இட்லி சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது கரண்ட் போய், உடனே வந்தது. அது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கிறது.

மோட்டார்களுக்கு இல்லை.

கரண்ட் போன அந்தக் கொஞ்ச நேரத்தில் மோட்டார்களின் பிடி விட்டுப்போயிருக்கிறது. மெஷினின் தலைப்பாகம் தன் பாரத்திலேயே மெல்லச் சறுக்கி, டூல் மறுபடி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. இந்த மாதிரிச் சின்ன மெஷினுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கிற கண் கிடையாது. இவ்வளவு தூரம் நகரச் சொன்னோம், அதனால் அங்கேதான் இருப்போம் – வெறும் கணக்கு. நிறுத்திய இடத்திலேயே எல்லாம் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது.

பத்தரை தாண்டியதும் வந்து நின்றார். திரையைப் பார்த்தார், எண்கள் சரியாக இருந்தன. மோட்டாரைப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஓட்டச் சொல்லிப் பட்டனை அழுத்தினார்.

மெஷின், தான் மேலே இருக்கும் நினைப்பில், முழு வேகத்தில் பக்கவாட்டில் பாய்ந்தது. பள்ளத்துக்குள் கிடந்த டூல் வார்ப்பின் சுவரில் போய் மோதியது. அந்தச் சத்தத்தில் சமையல்கட்டில் இருந்த நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சிவப்புப் பட்டனை அழுத்தியபடியே நின்றிருந்தார். டூல் உடைந்து எங்கோ தெறித்திருந்தது. வார்ப்பு பிளந்திருந்தது. டூலைப் பிடித்துச் சுற்றுகிற தண்டு வளைந்துவிட்டது. மெஷினுக்கு அதுதான் உயிர்.

"அடி ஏதாச்சும் பட்டுதா?" என்றேன்.

அவர் திரையைக் காட்டினார். "எல்லாஞ் செரியாதான்மே காட்டுது..."

குனிந்து, தெறித்த டூல் துண்டைத் தேட ஆரம்பித்தார்.

மத்தியானம் சுதாகர் மொட்டைத் தலையும் லட்டுமாக வந்தார். பிளந்த வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாலேது அண்ணா, மள்ளி சூத்தாம்" என்றார். பரவாயில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். தெலுங்கோ தமிழோ, அப்புறம் பார்க்கலாம் என்றால் பார்க்கப்போவதில்லை என்றுதான் அர்த்தம். லட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ராகுவைத் திட்டினேன். அவர் கரண்ட்டைத் திட்டினார். ஜெர்மன்காரருக்கும் எழுதிப் போட்டார். மோட்டார் சப்ளை போனால் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கிற மாதிரி ஒரு ஒயர் போட்டிருந்தால் அதுவே நின்றிருக்குமே என்று பதில் வந்தது. ஒரே ஒரு ஒயர்! கூடவே ஒரு கேள்வியும் இருந்தது – வேலையை நடுவில் எதற்காக அவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்?

ரொம்ப நேரம் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராகுவை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? கடைசியில் 'டீ பிரேக்' என்று டைப் செய்தார்.

திங்கட்கிழமை மஸ்கட்டுக்கு 'சரி' சொன்னார். நான் தடுக்கவில்லை. எதைக் காட்டித் தடுப்பேன்?

விசா வந்தது, போய்விட்டார். அங்கே பெரிய மெஷினாம். கண்ணாடிக் கதவு போட்டது. கண் இருக்கிற மெஷின், எங்கே நிற்கிறது என்று அதற்கே தெரியுமாம். செட்டிங் பக்கத்துக்கு பாஸ்வேர்ட் உண்டு, அது சூப்பர்வைசரிடம் இருக்கும். இவர் கதவைத் திறந்து இரும்பை வைத்து, கதவைச் சாத்தி, பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. மெஷினின் ஒவ்வொரு ஒயரையும் தன் கையால் இழுத்த மனிதருக்கு, ஒரு பச்சைப் பட்டன். 'கஷ்டமில்லாத வேலைமே' என்கிறார். அவர் குரலில் இருக்கிற கஷ்டம் எனக்குத் தெரியாதா?

போவதற்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். வாரத்துக்கு ஒரு தடவை மெஷினை வெறுமனே ஓட்ட வேண்டும். "இல்லன்னா ஸ்க்ரூல்லாம் துரு புடிச்சிக்கும். நான் வந்து வேற தண்டு மாட்டி ஓட்டணுமில்ல?" என்றார். வருவாராம். இங்கிருந்து போன எல்லாரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எங்கள் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வந்து பாருங்கள்.

ஆனாலும் ஓட்டுகிறேன். எண்ணெய் விடுகிறேன், கம்ப்யூட்டரைப் போடுகிறேன், அவர் சொல்லிக்கொடுத்த பட்டனை அழுத்துகிறேன். பிடிப்பில் வார்ப்பு இல்லை, தலையில் டூல் இல்லை. அது பாட்டுக்கு இப்படியும் அப்படியும் போய், சுதாகரின் மூடியைக் காற்றில் வெட்டி முடிக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. முடிகிறவரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள். நான் ஷெட்டில் இருக்கும்போது போன் வந்தது.

"இன்னா பண்ணிக்கினு கீற?"

"உங்க மெஷின்தான் ஓட்டிக்கினு கீறன்."

"சத்தம் எப்டி கீது?"

சத்தத்தை எப்படிச் சொல்வது? போனைக் கொண்டுபோய் மோட்டார் பக்கத்தில் பிடித்தேன். மேஜை போய்ப் போய் வந்தது. மோட்டார்கள் ஏறி இறங்கிப் பாடின. மூடி முழுவதும் முடிகிறவரை பிடித்துக்கொண்டே நின்றேன். கை கடுத்துவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. இருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை ஒரு தடவைகூட இப்படிக் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை, அந்த மனிதர்.