வறண்ட ஓடை என்று எழுதியவன்

கல்லூரி ஆசிரியர்களுக்குத் தெரிந்த ஊர் மே மாதத்து ஊர்தான். மற்ற மாதங்களில் வகுப்பு, தேர்வு, விடைத்தாள். களப்பணி என்று எது வந்தாலும் அதைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவிடுவோம். நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் இதை ஒருவரும் குறையாக நினைத்ததில்லை. நானும்தான்.

சேரன்மகாதேவி போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே, தங்கும் விடுதி, கடைகள், கல்யாண மண்டபம் எல்லாம் சேர்ந்த வளாகம் ஒன்று கட்ட ஒருவர் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அனுமதிக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை வேண்டுமாம். அதைத் தயாரிக்கச் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் உள்ளூர் ஆள் ஒருவரைத் தேட, எங்கள் துறைத்தலைவர் என்னைக் கைகாட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முப்பது வயதில் ஒருவனை நிபுணர் என்று நாலு பேர் முன்னால் அழைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

மே மாதம் இரண்டாவது வாரம் போனேன். மழைக்காலப் பயிரான பிசான நெல்லை அறுத்து முடித்து, மராமத்துக்காகக் கால்வாயை அடைத்திருந்த சமயம். ஜூனில் தொடங்கும் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்க இன்னும் நாள் இருந்தது. வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. மரங்களை எண்ணினேன், பறவைகளை எண்ணினேன், மண்ணைப் பையில் அள்ளி எண் எழுதிக் கட்டினேன். நிலத்தின் குறுக்கே ஓர் ஓடை போனது. அடியில் முள்ளும் பிளாஸ்டிக் பையும்தான் கிடந்தன. இறங்கி நடந்து பார்த்தேன். செருப்பில் ஈரம்கூட ஒட்டவில்லை.

பக்கத்து வயலில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்துவிட்டார், அந்த முக்கால் ஏக்கரை வைத்துத்தான் இரண்டு மகள்களையும் படிக்க வைக்கிறேன் என்று நான் கேட்காமலே சொன்னார். பிறகு என் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தார்.

“என்ன சார் அளக்கிய?”

சொன்னேன்.

“தண்ணி வராத மாசத்துல வந்து ஓடைய அளந்தா என்ன தெரியும்? ஐப்பசி, கார்த்தியல வந்து பாருங்க. இங்கன உள்ள அத்தன வயத் தண்ணியும் இது வழியாத்தான் ஆத்துக்கு இறங்குது. இத அடைச்சா எங்க பயிரு முங்கிப் போவும் சார்.”

“எழுதிருதேன்” என்றேன்.

குறிப்பேட்டில் எழுதவும் செய்தேன். ஆனால் அறிக்கை தயாரானபோது ஆலோசகர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “நீங்க பார்த்ததை மட்டும் எழுதுங்க சார், கேள்விப்பட்டதெல்லாம் வேண்டாம்” என்றார். அது நான் மாணவர்களுக்குத் தினமும் சொல்லும் பாடம். உடனே தலையாட்டினேன். ‘மழைக்காலத்தில் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் விரல் தேய்ந்திருக்காது. சோம்பலால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஆடு மேய்க்கும் பெண் சொன்னதை நம்புகிறவன் என்று சென்னைக்காரர் என்னை நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்தான். ‘மனையின் குறுக்கே பயன்பாட்டில் இல்லாத வறண்ட ஓடை உள்ளது, அதை மூடுவதால் பாதிப்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயன்பாட்டில் இல்லை என்பதை நான் எங்கே பார்த்தேன் என்று ஆலோசகரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அனுமதி கிடைத்தது. லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது. மறு வருஷம் ஐப்பசி மழை பிடித்தபோது ஓடை இருந்த இடத்தில் மதில் சுவர் நின்றது. வண்ணார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடவு முடிந்த வயல்கள் ஒரே குளமாகக் கிடந்தன. பச்சை என்று ஒரு நுனிகூட வெளியே தெரியவில்லை. ஆனாலும் இறங்காமல் போய்விட்டேன்.

கார்த்திகை முடிவதற்குள் அந்தப் பெண் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டார். துறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் என் அறிக்கையின் ஒரு பக்கம், நகல்.

“பயிரு பூரா அழுகிப் போச்சு சார். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தேன். ஓடையில தண்ணி போவுதுன்னு அறிக்கையில இல்லன்னு சொல்லுதாவ. நான் விடல. அந்த சார் எழுதிருதேன்னு என்கிட்டச் சொன்னாவன்னு சண்ட போட்டு இதை வாங்கிட்டு வந்திருக்கேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் சொன்னது இதுல எங்கன இருக்குன்னு ஒரு கோடு மட்டும் போட்டுத் தாங்க சார்.”

பேனாவையும் அவரே நீட்டினார். பொய் சொல்ல முடியவில்லை. எழுதியிருந்ததை அப்படியே தமிழில் வாசித்தேன்.

“அப்பம் நான் சொன்னது எங்கனயும் இல்ல.”

“இல்லம்மா.”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி சார், போனது போவட்டும். எழுதினது தப்புன்னு இப்ப ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அடுத்த நடவுக்குள்ள சுவத்த உடைக்கச் சொல்லி நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

மேசையில் வெள்ளைத் தாள் இருந்தது. என் வேலை என்னாகும் என்று நினைத்தேன்.

“காலேஜ் முதல்வர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

அதையும் நம்பினார். அடுத்தடுத்த இரண்டு வாரமும் வந்தார். ஒரு தடவை கூட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். இன்னொரு தடவை பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. முதல்வரிடம் நான் கேட்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்த வளாகத்துக்குப் போக வேண்டி வந்தது. முன்பக்கம் இடமில்லை என்று காவலாளி சுவருக்கு அந்தப் பக்கம் கைகாட்டினார். மண் அடித்துச் சமமாக்கிய இடம். அது அந்தப் பெண்ணின் முக்கால் ஏக்கர். ஸ்கூட்டரை அங்கேதான் நிறுத்தினேன்.