ஆடிப் பதினெட்டுக்கு நாகார்ஜுன சாகர்

ஆடிப் பதினெட்டு வந்தால் எனக்குக் கட்டாய லீவு. புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாவற்றையும் தூக்குகளில் அடைத்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் மாரெட்பள்ளியிலிருந்து காரோட்டி நாகார்ஜுன சாகர் அணைக்குப் போவோம். என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். ஆடியில் ஆறு பெருகும், அதன் முன்னால் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிடவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கிருஷ்ணா நதிக்குத் தமிழ்க் காலண்டர் தெரியாது என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூன்று வருஷமாக எங்களுக்கு வாய்த்தது பாறைதான். தண்ணீர் எங்கோ கீழே கிடக்கும். அணைக்கு நடுவிலுள்ள தீவுக்குப் போகும் லாஞ்ச் கரையில் கட்டிக் கிடக்கும். ஒரு வருஷம் நாங்கள் திரும்பிவந்த சில நாளில் மதகைத் திறந்தார்கள். ஊரே போய் செல்ஃபி எடுத்தது.

இந்த வருஷம் மகள் முரண்டு பிடித்தாள். இங்கேயே படித்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் பேசினால் பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். "நக்கோ மம்மி! காலி டேமுக்கு கைக்கு?" வேண்டாமாம், வெறும் அணைக்கு எதற்குப் போகவேண்டுமாம்.

பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இந்த முறையும் தண்ணீர் இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து மொட்டைமாடியில் சாப்பாடு என்று தீர்ப்புச் சொன்னேன். நான் யார் பக்கம் என்பது மனைவிக்குத் தெரியும். "சரிங்க" என்றாள். ஆனால் கிளம்பும் நாள் காலை வழக்கத்தைவிட ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போட்டாள்.

போய் இறங்கினோம். மதகுகள் மூடியே இருந்தன. நிரம்ப இன்னும் எத்தனையோ அடி பாக்கி. மகள் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். மனைவி படித்துறையின் கடைசிப் படிவரை இறங்கி, மஞ்சளும் பூவும் தண்ணீரில் விட்டு, இரண்டு படி மேலே தூக்குகளைப் பரப்பினாள். தீர்ப்புச் சொன்ன வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

நிதானமாகச் சாப்பிட்டோம். புளியோதரை முடிந்து, மகள் மேலே போய்ச் சுட்ட சோளம் வாங்கிவந்தாள்.

"மம்மி, நீள்ளு ஒஸ்துன்னாய்!"

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கீழ்ப்படியில் மனைவி கழற்றிவிட்ட செருப்பு மிதந்தது. மேலணையில் திறந்துவிட்ட வெள்ளம். சத்தமில்லை, அலையில்லை. அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஒட்டுமொத்தமாக உயர்ந்து படியேறியது. நான் பிரமித்து நின்றேன். அதைவிட, மூன்று வருஷம் பாறைக்கு முன்னால் உட்கார்ந்து முகம் கோணாமல் பரிமாறியவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மகள் செருப்பைப் பிடித்து மேலே போட்டுவிட்டு, ஓடிவந்து தூக்குகளை ஒரு படி மேலே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படியின் விளிம்பும் நனைந்தது. மறுபடி தூக்கினாள். மனைவி கையில் தயிர் சாதத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி," என்றாள் மகள், தமிழில். "அடுத்த வருஷம் முதல்லயே மேல் படில உக்காந்துக்கலாம்."