அண்ணனைத் தேடி வந்த பிராந்துகள்

எங்கள் ஊரில் பருந்து என்று யாரும் சொல்வதில்லை. பிராந்து என்றுதான் சொல்வோம். பருந்து என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த சொல். நான் எட்டாம் வகுப்போடு நின்று பீடி சுற்றப் போய்விட்டதால் அந்தச் சொல்லோடு எனக்கு அதிகம் பழக்கம் இல்லை. சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. அண்ணாந்து பார்த்தால் எந்த நேரமும் ஒரு பிராந்தாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

அதில் இரண்டு வகை. தலையும் நெஞ்சும் வெள்ளையாக, மற்ற இடமெல்லாம் செம்மண் நிறத்தில் இருப்பது கருடன். அதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். கோயில் கும்பாபிஷேகத்தில் அது கோபுரத்துக்கு மேலே வட்டம் போட்ட பிறகுதான் கலசத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை அத்தனை கூட்டமும் கழுத்து வலிக்க நிற்கும். இன்னொன்று உடம்பெல்லாம் பழுப்பு, வால் நடுவில் வெட்டு விழுந்த மாதிரி இருக்கும். அது வெறும் பிராந்து, கோழிக்குஞ்சு திருடுவது. அதைப் பார்த்தால் கல்லை எடுப்போம். சின்ன வயதில் கோழியும் பிராந்தும் விளையாடும்போது அண்ணன்தான் பிராந்து. நான் வரிசையில் கடைசிக் குஞ்சு. முதலில் பிடிபடுவதும் நான்தான்.

வளர்ந்த பிறகு அவன் கறிக்கோழிக் கடை வைத்தான். ரோட்டைப் பார்த்துக் கடை, அதன் பின்னால் ஒட்டினாற்போல வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகரக்கூரை. மதியம் கூட்டம் குறைந்ததும் குடல் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வருவான். "லே, பைய வாங்கலே, எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு துண்டாக மேலே வீசுவான். கருடனும் வரும், பழுப்புப் பிராந்தும் வரும். கீழே விழ விடாது. வானத்திலேயே காலால் பிடித்து, பறந்தபடியே குனிந்து தின்னும். கும்பிடுகிற பறவை, கல்லெறிகிற பறவை என்ற கணக்கெல்லாம் அவனிடம் கிடையாது. பசித்து வந்தது எல்லாமே அவனுக்குக் கிராக்கிதான்.

எதிர்ச்சாரியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். சுத்த சைவம். எங்கள் கடைப்பக்கம் மூக்கைப் பொத்தாமல் தாண்டமாட்டார். ஆனால் கருடனைப் பார்க்க நல்ல நாள் என்று வியாழக்கிழமை மதியம் மட்டும் சரியாக வந்து ரோட்டுக்கு அந்தப்புறம் நிற்பார். கருடன் இறங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். அண்ணன் அவரை விடமாட்டான்.

"சார்வாள், பெருமாள் வாகனம் கொடலு திங்க வந்திருக்கு. நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கிடுதேளா?"

"ஒன் வாயில வசம்பத்தான் வச்சுத் தேய்க்கணும் வே" என்பார் அவர். ஆனால் கடைசிக் கருடன் போகும்வரை நகரமாட்டார்.

ஆடி மாதம் காற்று அடிக்க ஆரம்பித்தால் அண்ணனுக்குக் கடையில் கால் நிற்காது. செய்தித்தாளில் பட்டம் ஒட்டி, தரிசாகக் கிடக்கிற வயலுக்குப் போய்விடுவான். மீசை வைத்த பிறகும் போனான். பட்டம் நன்றாக ஏறியதும் பிராந்து ஒன்று வந்து, இது யாரடா புதிதாக என்று கேட்பதுபோல் அதைச் சுற்றிப் பார்க்கும். அப்போது நூலை என் கையில் கொடுப்பான். தூண்டிலில் மீன் கடிப்பதுபோல நூலில் ஒரு துடிப்பு இருக்கும். அது விரல் வழியாக முழங்கை வரை வரும். இப்போதும் பீடிக்கு நூல் கட்டும்போது சில நேரம் என் விரல் அந்தத் துடிப்புக்காக நின்றுவிடுகிறது. பக்கத்தில் சுற்றுகிறவர்கள் "என்னட்டி, தூங்குதியா?" என்று கேட்பார்கள்.

களக்காட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் கோழி ஏற்றிக்கொண்டு வரும்போது அவனுடைய லோடு ஆட்டோ வாய்க்காலில் கவிழ்ந்தது. கூண்டிலிருந்த கோழிகள் பாதி உயிரோடு இருந்தன. அண்ணன் இல்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கடையைப் பூட்டினோம். மறுநாள் வீடு நிறைய ஆட்கள். மதியம் அழுகை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் தலைக்கு மேலே தகரத்தில் கரக் கரக் என்று நகச்சத்தம் கேட்டது. கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கூரை விளிம்பில் வரிசையாகப் பிராந்துகள். எல்லாம் கழுத்தைச் சாய்த்து வாளி வருகிற வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனை "இருந்தான், செய்தான்" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். இந்தப் பிராந்துகளுக்கு மட்டும் அவன் சாகவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். மதியம் ஆனால் நான் அந்த நகச்சத்தத்துக்காகக் காது வைத்திருப்பேன்.

கருமாதி ஆற்றுப் படித்துறையில் நடந்தது. வாழையிலையில் சோறும் குழம்பும் உளுந்தவடையும் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். காக்கா வந்து தொட்டால்தான் இறந்தவர் சாப்பிட்டதாக அர்த்தம். வரவில்லையென்றால் அவருக்கு ஏதோ மனக்குறை. அது என்ன குறை என்று ஊகித்து, ஒவ்வொருவராகச் சத்தம் போட்டு வாக்குக் கொடுப்பார்கள். சரியான வாக்கைக் கேட்டதும் காக்கா இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மருதமரம் நிறையக் காக்கா இருந்தது. ஒன்றுகூட இறங்கவில்லை.

மாமா முதலில் முன்னால் போனார். "மருமவனே, தங்கச்சிய நல்ல எடத்துல கெட்டிக் குடுக்கோம். நீ வந்து சாப்புடுய்யா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காக்கா வரவில்லை. அம்மையைக் கடைசிவரை தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதாகச் சித்தி சொன்னாள். அதற்கும் வரவில்லை. அவனுடைய கூட்டாளி ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எலே, ஒன் பைக்க ஒரு பயலுக்கும் ஓட்டக் குடுக்கமாட்டேம்ல, வாலே" என்றான். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

பிறகு என்னைத் தள்ளிவிட்டார்கள். வாக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான்தான் அவனிடம் வளையல், பரோட்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கேயும் கேட்கத்தான் வந்தது.

"அண்ணே, ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போண்ணே."

அப்படிச் சொல்லக்கூடாது என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நான் மேலே பார்த்தேன். ஆற்றுக்கு மேலே இரண்டு பிராந்துகள் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மரத்துக் காக்காய்கள் கத்தியது எங்களைப் பார்த்து இல்லை, அவற்றைப் பார்த்து. கடைசியில் இலையை ஆற்றில் விட்டு, மீன் தின்னட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அம்மைக்கு அது போதவில்லை. தினமும் மதியம் சோறாக்கி முதல் உருண்டையைக் கொல்லைச் சுவரில் வைப்பாள். அந்தப்பக்கம் பனையில் காக்காய்கள் வந்து உட்காரும். இந்தப்பக்கம் தகரத்தில் பிராந்துகள். சோறு காய்ந்து வெடிக்கும். எறும்பு வரும். அம்மை தட்டைத் தொடமாட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி மட்டும் குடிப்பாள். அவள் ரவிக்கை தொளதொளவென்று ஆனது. ஒருநாள் குடத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சண்டை போட்டேன்.

"எம் புள்ள திங்காமக் கெடக்கான். எனக்கு எப்படிட்டி எறங்கும்?" என்றாள்.

பிராந்துக்குப் பயந்துதான் காக்கா வரவில்லை, அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவள் என்னை ஏதோ வெளியாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு வடக்கே இருக்கிற கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

வாத்தியார் ஒருநாள் துக்கம் கேட்க வந்தார். முதல்முறையாக எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தார். போகும்போது கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "கருடன் இன்னும் வருதா?" என்று கேட்டார். கருடன் வீட்டின்மேல் உட்காருவது பாக்கியம்லா என்று அம்மையைத் தேற்றுவதுபோல் சொன்னார்.

"பாக்கியமா சார்வாள்? அது உக்காந்துதான் எம் புள்ளைக்கு ஒரு பருக்க போவாமக் கெடக்குன்னு சொல்லுதா இவ" என்றாள் அம்மை.

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னது அம்மையின் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கம்பை எடுத்துக் கூரையைத் தட்டினால் பிராந்துகள் போய்விடும். அம்மை அதைச் செய்யவில்லை. கருடனை அடிக்கக் கை வராது அவளுக்கு. எனக்கும் வராது, ஆனால் காரணம் வேறு. அவையும் போய்விட்டால் மதியத்தில் அவனைத் தேடி யார் வருவார்கள்?

அவளுடைய கழுத்தெலும்பைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு நாள் இதை யோசித்தேன். பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோழிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். அண்ணனோடு ஒரே பண்ணையில் கோழி எடுத்தவர் அவர். குடல் வேண்டும் என்றதும் நான் சமைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, ஈரலும் நல்ல கறியுமாக அள்ளப் போனார். பிராந்துக்கு என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அவன் தங்கச்சில்லா" என்று மட்டும் சொன்னார். பை நிறையக் கட்டிக் கொடுத்தார்.

அம்மை வீட்டில் இனிக் கவுச்சியே கூடாது என்று சொல்லியிருந்தாள். அதனால் கொல்லைக்குக் கொண்டுபோக முடியாது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கூரையை விட்டுத் தூரத்தில் போட்டால்தான் கூரை காலியாகும். ஆற்றங்கரையில் துவைக்கிற கல்லைத் தாண்டி, மணல் திட்டில் போய் நின்றேன். வாளியையும் அவனையும் பார்த்துப் பழகிய பிராந்துக்கு என்னை எப்படித் தெரியும்? ஒன்றும் வரவில்லை. வீசிப் பார்த்தேன். துண்டு என் தலைமேலேயே விழுந்தது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஏட்டி, மீனுக்கா பிராந்துக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

வெட்கத்தை விட்டு அவன் மாதிரியே கூப்பிட்டேன். "லே, பைய வாங்கலே." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். துவைக்கிற சத்தம் நின்றது. யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது போல. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே போய்க்கொண்டிருந்த பழுப்புப் பிராந்து ஒன்று வட்டத்தைச் சுருக்கியது. கீழே வந்து மணலில் கிடந்த துண்டைத் தூக்கியது. அது திரும்பி வரும்போது இன்னும் இரண்டு கூட வந்தன.

தினமும் போனேன். கொஞ்ச நாளில் நான் மணல் திட்டுக்குப் போகும் முன்பே அவை அங்கே சுற்ற ஆரம்பித்தன. வீட்டில் நகச்சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒருநாள் ஆற்றிலிருந்து திரும்பும்போது தகரம் வெறுமையாக வெயிலில் பளபளத்தது. அங்கேயே திரும்பி ஓடி அவற்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. வாசலிலேயே நின்றேன்.

கொல்லையில் அம்மை நின்றிருந்தாள். சுவரில் காக்கா. முதலில் ஒன்று, பிறகு மூன்று. சோற்று உருண்டையைக் கொத்திச் சிதறடித்துக்கொண்டிருந்தன. அம்மை வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள்.

"வந்துட்டான்" என்றாள். "பாத்தியாட்டி, வந்துட்டான். குழம்பு போட்டுத்தான் வச்சேன் இன்னைக்கு. வெறுஞ்சோறு அவனுக்குப் பிடிக்காதுல்லா."

"ஆமா" என்றேன்.

எனக்கும் தட்டு எடுத்து வைத்தாள். தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் முதல் வாயை மென்றுகொண்டே இருந்தாள். இரண்டாவதை மெல்லாமலே விழுங்கினாள். மூன்றாவதில் குழம்புக்குப் புளி தூக்கல் என்று குறை சொன்னாள். பிறகு குனிந்து, வேகவேகமாக, சின்னப் பிள்ளை மாதிரி சாப்பிட்டாள். கொல்லை வாசல் வழியாக எனக்கு ஒரு துண்டு வானம் தெரிந்தது. கருடன் ஒன்று ஆற்றைப் பார்த்துப் போனது. எங்கள் கூரைக்கு மேலே அது நிற்கவும் இல்லை, வட்டம் போடவும் இல்லை.

"மேல என்னத்தப் பாக்க? சோறு ஆறுதுல்லா."

"ஒண்ணும் இல்ல. நீ சாப்புடு."

சட்டியில் மிச்சமிருந்த சோற்றை வழித்து அவள் தட்டிலேயே போட்டேன். போதும் என்று அவள் கையால் மறைக்கவில்லை.