தோட்டத்துக் காவலாளியின் நாய்

மலேசியாவின் பகா நகரில் ஒரு கால்நடை கிளினிக்கில் என் பூனையோடு காத்திருந்தேன். பக்கத்தில் செம்பனைத் தோட்டக் காவலாளி ஒருவர், சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸோடு, தன் கறுப்பு நாயின் காதை விடாமல் நீவிக்கொண்டிருந்தார். பெட்டை நாய்களைத் தேடி ரோட்டுக்கு ஓடி, அது இரண்டு முறை லாரியில் அடிபட்டிருந்ததாம்.

"கருத்தடை செஞ்சிட்டா வீட்டோட கெடக்கும்லா, அங்கிள்," என்றேன்.

"தெரியும் தம்பி. அதுக்குத்தான் கொண்டாந்தேன். ஒரே மகன். கல்யாணம் ஆகுறதுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல போயி அடிபட்டு செத்துட்டான். என் வம்சம் அதோட முடிஞ்சிருச்சு. இவனோடதையும் நானே முடிக்கணுமா?"



டாக்டர் அழைத்தார். காவலாளி வெகுநேரம் எழவில்லை. பிறகு, "இவனாச்சும் உயிரோட இருக்கட்டும்," என்று கயிற்றை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, வெளியே வெயிலில் நின்று அழுதார்.

சரியான முடிவுதான். ஆனால் ஒரு சரியான முடிவுக்காக இப்படி அழுத மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.