கணிதம், மெய்யியல், அப்பாவின் இருதயம்

கணிதத்தையும் மெய்யியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிப்பதில் படிப்பு சுலபம். அது என்ன படிப்பு என்று ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் முழுநேர வேலை. ஊருக்கு விளங்காத பாடமொன்றை எடுத்துவிட்டுக் கலியாண வீடுகளில் தூணுக்குப் பின்னால் ஒளிகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாமெல்லாம் உறவுக்காரர்.

கீழே வருபவை என் இரண்டாம் வருடத்தில் நடந்தவை. அந்த வருடம்தான் அப்பாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது, ஒபரேசன் செய்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அப்பா மாட்டேன் என்று நின்றார். கொழும்புக் காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் காலமெல்லாம் மனேஜராக இருந்தவர். யார் கெஞ்சினாலும் விலை குறைக்காத ஆள். நான் அவருக்கு ஒரே மகள். நான் இந்தப் படிப்பை எடுத்தபோது என் பக்கம் நின்றவரும் அவர் ஒருவர்தான். பகிடியாக எழுதுகிறேனே தவிர, அந்த மாதங்கள் முழுக்க எனக்குப் பயம்தான்.

லிஃப்டுக்குள் நேர்முகப் பரீட்சை

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் லிஃப்ட் ஆடி அசைந்துதான் மேலே போகும். அதற்குள் அகப்பட்டால் தப்ப வழியில்லை. மேல் மாடி அங்கிள் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் அப்பாவின் சுகம் விசாரித்தார். இன்னும் சம்மதிக்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். லிஃப்ட் ஒரு மாடி ஏறும்வரை யோசித்தார்.

நான் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினேன். இரண்டும் நியாயம் சொல்கிற பாடங்கள் அங்கிள், ஒன்று குறியீட்டில் சொல்லும், மற்றது வசனத்தில் சொல்லும் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கதவு திறந்தபோது முகத்தில் அப்படியொரு தெளிவு.

"கணக்குப் படிச்சால் பாங்க். மெய்யியல் படிச்சால் சாமியார். ரெண்டையும் படிச்சால், பிள்ளை, கோயில் பொருளாளர்."

இருக்கிறதா, இல்லையா

இந்தப் பிழையை இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எங்களைத் தவிர வேறு யாரும் விடமாட்டார்கள். இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் ஓர் எண் இருக்கிறது என நிறுவுக என்று கணிதப் பரீட்சையில் ஒரு கேள்வி. அதற்கு முதல்நாள் முழுக்க மெய்யியல் வாசித்திருந்தேன். அதனால், ஓர் எண் "இருக்கிறது" என்றால் என்ன அர்த்தம், மேசை இருப்பதுபோலவா, எங்கே இருக்கிறது என்று எழுதத் தொடங்கி ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன். மணி அடித்தபோதுதான் நிறுவலில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது உறைத்தது.

கணித மெடம் யாழ்ப்பாணத்துக்காரி. கூப்பிட்டு விசாரித்தார். அப்பாவின் விஷயம் அவருக்குத் தெரியும், ஆகவே ஏசவில்லை. விடைத்தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எண் இருக்கோ இல்லையோ எண்டு ஆறுதலா யோசிப்பம் பிள்ளை. மார்க்ஸ் இல்லை, அது நிச்சயம்."

ஏன் என்ற கேள்வி

பின்னேரங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். வெள்ளவத்தையில் தடுக்கி விழுந்தால் ஒரு டியூஷன் வகுப்புக்குள்தான் விழவேண்டும். அதில் ஒன்று என்னுடையது. சயத்தைச் சயத்தால், அதாவது மைனஸை மைனஸால், பெருக்கினால் ஏன் சக, அதாவது பிளஸ், வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். எனக்குப் பாயசம் கிடைத்த மாதிரி. அன்றைய வகுப்பு முழுவதும் அதற்கே போய்விட்டது. கடைசியில் அவள் "ஓ" என்றாள். அந்த "ஓ"வுக்காக நான் ஆயுசு முழுக்கப் படிப்பிப்பேன்.

அடுத்த நாள் அவளுடைய அம்மா வந்தார். கோபமில்லை, சிரித்த முகம்தான்.

"டீச்சர், ஏன் எண்டு அவளுக்குத் தெரியத் தேவையில்லை. எப்பிடி எண்டு தெரிஞ்சால் காணும், சோதினை வருகுது."

நூற்றுக்கு இத்தனை

களுபோவில ஆஸ்பத்திரியில் கிளினிக். டொக்டர் சிங்களவர், மென்மையாகப் பேசுகிறவர். உங்கள் வயதில் இந்த ஒபரேசன் செய்தவர்களில் நூற்றுக்கு இத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஓர் எண் சொன்னார். நல்ல எண்தான். அதை இங்கே எழுதமாட்டேன். இதை வாசிக்கிற யாருடைய அப்பாவாவது இப்போது வார்டில் இருக்கலாம்.

நான் மொழிபெயர்த்தேன். நிகழ்தகவில் நல்ல மார்க்ஸ் எடுத்தவள் நான். ஆனால் "நூற்றுக்கு" என்ற சொல்லை அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன். மிச்சப் பேர் யார், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே என்றுதான் மனம் ஓடியது. அப்பா ஷேர்ட் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

"நூறு பேருக்கு அது சரி. நான் ஒருத்தன்தானே இருக்கிறன்."

கொட்டாஞ்சேனைச் சாத்திரியார்

அம்மா டொக்டரின் எண்ணோடு திருப்திப்படவில்லை. அப்பாவின் சாதகத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். சாத்திரியார் கட்டத்தைப் பார்த்தார், கண்ணை மூடினார், ஆயுள் கெட்டி, நூற்றுக்கு நூறு என்றார். ஆனால் அட்டமியில் கத்தி படக்கூடாது என்றார். அம்மா திரும்பும் வழியெல்லாம் பூரித்துப்போய் இருந்தார். அப்பா சம்மதித்தால் ஒபரேசன் என்று ஆஸ்பத்திரியில் தந்திருந்த நாள் சரியாக அட்டமி.

நாளை மாற்றித் தரமுடியுமா என்று அம்மாவுக்காக நான்தான் வார்டுத் தாதியிடம் சிங்களத்தில் கேட்கவேண்டியிருந்தது. தர்க்கவியல் படிக்கிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? வெட்கத்தோடு கேட்டேன். தாதி சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அம்மே, இங்கே தியேட்டர் கிடைக்கிற நேரம்தான் நல்ல நேரம்."

கடற்கரையில்

ஒரு ஞாயிறு பின்னேரம் அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தார். தண்டவாளத்தைக் கடக்கவே அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் இருத்தினேன். ரயில் ஒன்று போய் முடிந்ததும் கேட்டார். "டொக்டர் நூற்றுக்கு இவ்வளவு எண்டுறார். சாத்திரியார் நூற்றுக்கு நூறு எண்டுறார். நீ ரெண்டு பாடம் படிக்கிறாய். நீ என்ன சொல்றாய்?"

ஓம், செய்யுங்கோ என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சம்மதித்திருப்பார் என்று தோன்றியது. ஆனால் நான் ஓம் சொல்லவில்லை. டொக்டர் சொன்னது நூறு பேரைப் பற்றி, உங்களுக்கு என்ன நடக்குமென்று எனக்குத் தெரியாதப்பா என்றேன். செய்யாவிட்டால் படியேற முடியாமல் போகும், பிறகு மூச்சும் விடமுடியாமல் போகும், அது மட்டும்தான் தெரியும் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அழுதும்விட்டேன். கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்பா கண்ணைத் துடைக்கத் தன் லேஞ்சியை எடுத்து நீட்டினார்.

"எல்லாரும் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கினம். நீ ஒருத்திதான் தெரியாதெண்டாய். சரி, அப்ப செய்வம்."

தியேட்டர் வாசல்

அட்டமியன்றே நடந்தது. அப்பாவை உள்ளே கொண்டுபோனதும், நூற்றுக்கு நூறு வாங்கி வைத்திருந்த அம்மாவுக்கு அது போதவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஒண்டும் ஆகாதெண்டு சொல்லு பிள்ளை என்றார். எடுகோளும் இல்லை, நிறுவலும் இல்லை. ஒண்டும் ஆகாதம்மா என்றேன், கேட்ட உடனேயே. அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டார். அன்று மதியத்துக்குள் அதையே எத்தனையோ தரம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அது உண்மைபோல வந்தது.

அப்பா கண் விழித்து, ஆட்களைப் பார்க்க விட்டபோது அம்மா முந்திக்கொண்டார். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஒண்டும் ஆகாதெண்டு பிள்ளை அப்பவே அடிச்சுச் சொன்னவள்" என்றார். அப்பா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது, ஆனால் பழைய கடை மனேஜரின் குரல்தான்.

"அம்மாவுக்கு ஒரு விடை, எனக்கு ஒரு விடை. ரெண்டு பாடத்தையும் ஒழுங்காத்தான் படிக்கிறாய்."

இந்தப் படிப்பால் என்ன பிரயோசனம் என்று இனி யாரும் கேட்டால், அப்பா காலையில் தானே பேக்கரிக்கு நடந்துபோய்ப் பாண் வாங்கி வருகிறார் என்று மட்டும் சொல்வதாக இருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நிறுவ எனக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு மிச்சம் இருக்கிறது.