வெள்ளையில் ஒரு சிப்பாய் குறைவு

சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமில், நிவாரணச் சாமான்களோடு ஒரு செஸ் பெட்டியும் கிடைத்தது. அதில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று இல்லை. எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்று அம்மாதான் தீர்மானித்தாள். பள்ளிக்கூடமே போகாதவள், ராசாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் விரலை வைத்தாள்.

"இதில விடு. மந்திரிக்காவது காத்துப் படட்டும்."

கூடாரத்துக்குள் எங்களுக்குக் காற்றில்லை. அந்த ஓட்டைப் படையோடுதான் இருவரும் ஆடப் பழகினோம்.

பின்னர், வாவிக்கு அக்கரையில் படுவான்கரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்தில், டவுனில் புளியந்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் நடந்த மாவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தோற்றுவிட்டு ஊருக்கு, தேற்றாத்தீவுக்கு, போக மனமில்லை. ஆனால் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கியது. கடைசி பஸ்ஸை விட்டால் அப்பா என்னையும் கூட வந்த அம்மாவையும் தேடி வெளிக்கிடுவார். அந்த நாட்களில் பொழுதுபட்டு வெளிக்கிட்ட ஆண்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

"மனே, எழும்பி வாகா, பஸ் போகப்போகுது," என்றாள் அம்மா யன்னலடியில்.

எழும்பினால் தோல்வி. தூரத்தில் ஷெல் வெடிக்க, பலகையில் காய்கள் அதிர்ந்தன. பள்ளிக்கூடத்தில் சேர் சொல்லித்தந்த தொடக்கம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. என் பக்கம் எட்டு வெள்ளைச் சிப்பாய்களும் நிறைந்த பலகை அன்னியமாகத் தெரிந்தது. இரண்டாவது நகர்த்தலிலேயே அந்த மந்திரியின் முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளிவிட்டேன்.

"என்ன புள்ள, சும்மா தாறியா?" என்று சிரித்தபடி எதிரே இருந்த டவுன் பிள்ளை அதை வெட்டினாள்.

பலகை முகாமில் நாங்கள் ஆடிய ஓட்டைப் பலகை போலாகிவிட்டது. இப்படிக் கொடுத்துத் தொடங்குவதற்குக் காம்பிட் என்று பெயர் இருப்பதும், பழைய பெரிய போட்டிகளில் ஆடியிருக்கிறார்கள் என்பதும் பிற்காலத்தில் கம்பஸில் படிக்கும்போதுதான் தெரியவந்தது.

அந்தச் சிப்பாய் போன பிறகு அம்மா யன்னலடியிலிருந்து கூப்பிடவே இல்லை. குதிரையால் டவுன் பிள்ளையின் சிப்பாயை வெட்டி வழியைத் திறந்தேன். அந்த வழியால் என் கோட்டை இறங்கியது. தன் ராசாவைச் சாய்த்துத் தோல்வியை ஒத்துக்கொண்டு அவள் எழும்பியபோது வெளியே மங்கிவிட்டது.

"பஸ் போயித்து," என்றாள் அம்மா.

"பிறகேன் கூப்பிடல்ல?"

"கோட்டை இறங்கப்போற நேரத்தில எப்பிடிக் கூப்பிடுற? கொப்பா வெளிக்கிடாம இருக்கோணும், அவ்வளவுதான்."

வகுப்பறை வாங்கில் இருவரும் படுத்தோம், தூங்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் போனோம். அப்பா தரிப்பிடத்தில் நின்றார், சேட்டெல்லாம் பனியில் நனைந்து. என் கையிலிருந்த கிண்ணத்தை அவர் பார்க்கவே இல்லை. அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.