சும்மா வந்த அயர்ன் பாக்ஸ்

மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற அக்காவுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. டாக்டரின் மாமியார் முழங்கால் வலியோடு வந்தபோதும், "உக்காருங்கம்மா, உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க" என்றவர். டாக்டர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினார். சத்தமே இல்லை, தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்று ஊசி போட வந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரும் அதே கடையில், அதே ஃப்ரிட்ஜை, அதே விலைக்கு வாங்கியிருந்தார். அவருக்கு மட்டும் ஒரு அயர்ன் பாக்ஸ் சும்மா கொடுத்தார்களாம். இது காதில் விழுந்த அன்றே அக்காவின் ஃப்ரிட்ஜ் உறும ஆரம்பித்தது.

"லாரி மாதிரி சத்தம் போடுது. தண்ணியும் சில்லுனு இல்லை."

"நேத்துதானே பல்லு கூசுதுன்னு சொன்ன?" என்றார் கணவர்.

"அது பல்லோட கோளாறு."

வீட்டில் ஏற்கெனவே இரண்டு அயர்ன் பாக்ஸ் இருப்பதைச் சொல்ல கணவருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

மறுநாள் அக்கா கடைக்காரர் முன் போய் நின்றார். "எனக்கு அயர்ன் பாக்ஸ் வேணாம். அவங்களுக்குக் குடுத்துட்டு எனக்கு ஏன் குடுக்கலைன்னு மட்டும் சொல்லுங்க."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "படியில ஏத்தும்போது நம்ம ஆளுங்க சுவத்துல இடிச்சுட்டாங்க மேடம். பக்கவாட்டுல நெளிஞ்சிருச்சு. அவங்க அழாத குறைதான். அதான் குடுத்தோம்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. நேரே டீச்சர் வீட்டுக்குப் போனார். நெளிவை மறைத்து ஒரு காலண்டரை ஒட்டியிருந்தார் டீச்சர்.

"உங்களுக்கு நல்லதைக் குடுத்துட்டு, எனக்கு ஒரு அயர்ன் பாக்ஸைக் குடுத்து வாயை அடைச்சுட்டாங்க," என்று மூக்கை உறிஞ்சினார். "உங்க ஃப்ரிட்ஜை நெனச்சாலே வயித்தெரிச்சலா இருக்குக்கா."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை ஆறுதலை எந்த நோயாளிக்கும் அவர் சொன்னதில்லை. "தடவிப் பாத்தாத்தான் தெரியுது" என்று சொல்லி, நாலைந்து தரம் தடவியும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை எடுத்துத் தன் ஃப்ரிட்ஜை நாலு பக்கமும் பளபளவென்று துடைத்தார்.

"யாராவது வர்றாங்களா?" என்றார் கணவர்.

"டீச்சரை நாளைக்கு டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கேன். பாவம், மனசு ஒடிஞ்சு போயிருக்காங்க."